சகுவாரோ: இரண்டு மழைகளை நம்பி நிற்கும் கள்ளிமரம்

பாலைவனம் என்று எழுதிவிட்டு அதன் அருகே ஒரு படம் வரையச் சொன்னால், மணல்மேட்டுக்குப் பக்கத்தில் இரு கிளைகளை மேலே தூக்கியபடி நிற்கும் உயரமான கள்ளியைப் பலரும் வரைவார்கள். சகாராவைப் பற்றிய பாடத்திலும் தார்ப் பாலைவனத்தைப் பற்றிய சுவரொட்டியிலும்கூட அந்த உருவம் இடம்பெற்றுவிடுகிறது. உண்மையில் அந்த உருவத்துக்குச் சொந்தமான சகுவாரோ சகாராவிலும் இல்லை, தாரிலும் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துத் தென்பகுதி, அதை அடுத்துள்ள மெக்சிகோவின் சொனோரா மாநிலம், கலிபோர்னியாவில் கொலராடோ ஆற்றை ஒட்டிய ஒரு சிறு பட்டை ஆகியவற்றைத் தவிர அது இயற்கையாக வேறெங்கும் வளர்வதில்லை. அருகிலேயே இருக்கும் மொகாவி, சிவாவா பாலைவனங்களிலும் அதைக் காண முடியாது. பாலைக்கே அடையாளமாகிவிட்ட ஒரு தாவரம் ஏன் இத்தனை குறுகிய நிலத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது என்ற கேள்விக்கான விடை, அதன் உடற்கூற்றிலும் அது காலத்தைக் கையாளும் விதத்திலும் இருக்கிறது.

சொனோரப் பாலைவனத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள் உண்டு. குளிர்காலத்தில் பசிபிக் பக்கமிருந்து வரும் மெல்லிய, நீடித்த மழை ஒன்று. சூலை முதல் செப்டம்பர் வரை இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கும் கோடைப் பருவமழை மற்றொன்று. தென் அரிசோனாவின் டூசான் நகரத்தில் ஆண்டு முழுவதும் பெய்வதைக் கூட்டினாலும் 300 மில்லிமீட்டரை ஒட்டியே வரும். அந்த அளவு, இரு தவணைகளாக, நடுவே நீண்ட வறட்சியுடன் வருகிறது என்பதுதான் முக்கியம். மேற்கே போகப்போகக் கோடை மழை குறைகிறது, சகுவாரோவும் அருகி மறைகிறது. வடக்கிலும் மலைகளின் உயரத்திலும் கடும் உறைபனி தடுக்கிறது. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்துக்கு மேல் அதைப் பார்ப்பது அரிது.

இத்தாவரத்தை 1848-ஆம் ஆண்டு செரியஸ் என்ற பேரினத்தில் சேர்த்து முதலில் விவரித்தவர் தாவரவியலாளர் ஜார்ஜ் ஏங்கல்மன். 1908-இல் பிரிட்டன், ரோஸ் என்ற இரு தாவரவியலாளர்கள் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, செல்வந்தர் ஆண்ட்ரூ கார்னகியின் பெயரால் கார்னகியா என்று அழைத்தார்கள். அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1903-இல், கார்னகி நிறுவனத்தின் பொருளுதவியுடன் டூசானின் டுமமாக் குன்றில் பாலைவன ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. சகுவாரோவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு அந்தக் குன்றிலிருந்தும் அதைச் சுற்றிய நிலத்திலிருந்தும் வந்ததே. கார்னகியா ஜைஜான்டியா என்ற பெயருடன் அந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஒரே சிற்றினம்தான்.

இங்கே ஓர் உறவுமுறையைத் தெளிவுபடுத்துவது நல்லது. தமிழ்நாட்டின் வறண்ட கரடுகளில் நிற்கும் சதுரக்கள்ளி, தண்டின் அமைப்பிலும் முள்ளிலும் சகுவாரோவின் சிறிய தம்பி போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் குடும்ப உறவு கிடையாது. சதுரக்கள்ளியைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். அது ஆமணக்கு, மரவள்ளி ஆகியவை சேர்ந்த குடும்பம். சகுவாரோவைக் கீறினால் பால் வராது, வழுவழுப்பான நிறமற்ற சாறுதான் கசியும். அதைவிடத் திட்டவட்டமான அடையாளம், முட்கள் புறப்படும் இடம். கள்ளிக் குடும்பத்தில் ஒவ்வொரு முட்கொத்தும் ஏரியோல் எனப்படும் சிறிய, பஞ்சு போர்த்திய திட்டிலிருந்து எழும். முள், பூ, புதிய கிளை மூன்றும் அந்தத் திட்டிலிருந்தே பிறக்கின்றன. இந்தக் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. மரங்களில் தொற்றித் தொங்கும் ரிப்சாலிஸ் என்ற ஒரு கள்ளி மட்டுமே ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. நம் ஊர் வேலிகளில் படர்ந்த சப்பாத்திக்கள்ளி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அது கடல் கடந்து வந்தது. வறட்சி ஒன்றே போல் நெருக்கும்போது தொடர்பில்லாத இரு தாவரக் குடும்பங்கள் ஒரே வடிவத்தை எட்டுவதற்குச் சதுரக்கள்ளியும் சகுவாரோவும் நல்ல சான்று.

முதிர்ந்த சகுவாரோ பொதுவாக 12 மீட்டர் அல்லது அதற்குச் சற்று மேல் உயரும். அளந்து பதிவு செய்யப்பட்டவற்றுள் மிக உயரமானது 1986-இல் கேவ் கிரீக் ஊருக்கு அருகே காற்றில் சாய்ந்தது; கிளையே இல்லாத அந்தத் தண்டின் உயரம் 23.8 மீட்டர். நீர் நிறைந்த பெரிய மரம் ஒன்றின் எடை 6 டன்னைத் தாண்டும், அதில் மிகப் பெரும்பகுதி தண்ணீர். இலை கிடையாது. ஒளிச்சேர்க்கை முழுவதையும் பச்சை நிறத் தண்டின் தோலே செய்கிறது. அந்தத் தோலின் மேல் தடித்த மெழுகுப் பூச்சு இருக்கிறது. அதற்கடியில் பசுமையான மெல்லிய அடுக்கு. அதற்கும் உள்ளே வெள்ளையான, பசைத்தன்மை கொண்ட நீர்ச்சதை. இந்தப் பசை வெறும் தண்ணீரைப் போல எளிதில் ஆவியாகிவிடாமல் நீரைப் பிடித்துவைக்கிறது.

தண்டின் வெளிப்புறம் வழவழப்பாக இராமல், மேலிருந்து கீழ்வரை ஓடும் முகடுகளும் பள்ளங்களுமாக மடிந்திருக்கும். மழை பெய்து வேர் நீரை இழுக்கும்போது பள்ளங்கள் அகன்று தண்டு பருக்கிறது, வறட்சியில் முகடுகள் நெருங்கி உடல் ஒடுங்குகிறது. ஆர்மோனியத்தின் துருத்தி விரிந்து சுருங்குவதைப் போன்ற இந்த ஏற்பாட்டினால் தோல் கிழியாமலேயே கொள்ளளவு மாறுகிறது. பாலையில் பல மாதம் மழை இல்லாத ஆண்டில் விரலை நுழைக்க முடியாத அளவுக்கு நெருங்கிவிடும் அந்த மடிப்புகள், நல்ல மழைக்குப் பின் ஏறத்தாழத் தட்டையாகிவிடும். மடிப்புகளுக்கு இன்னொரு பயனும் உண்டு: எந்த நேரத்திலும் தண்டின் ஒரு பகுதி மற்றொரு பகுதியின் நிழலில் இருக்கிறது.

இத்தனை எடையைத் தாங்குவது எது? உள்ளே ஓர் எலும்புக்கூடு உண்டு. சதையின் நடுவே வட்டமாக, நெட்டுக்குத்தாக நிற்கும் மரக்கழிகள், அடியில் ஒன்றோடொன்று இணைந்து திடமான உருளையாகவும், மேலே போகப்போகத் தனித்தனியாகவும் நிற்கின்றன. இவை நீர் கடத்தும் சைலத் திசுவால் ஆனவை. கள்ளி என்றால் சதைதான் என்று எண்ணுபவருக்கு, இறந்த சகுவாரோ ஒன்று பெரிய வியப்பைத் தரும்: சதை அழுகி உதிர்ந்தபின் சாம்பல் நிறக் கழிகளின் கூடு பல ஆண்டுகள் அப்படியே நிற்கும். பாலைவாழ் மக்கள் வேலிக்கும் கூரைக்கும் இந்தக் கழிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மரம் என்று இதை அழைப்பது உவமைக்காக அல்ல. உள்ளிருப்பது மெய்யாகவே மரக்கட்டை.

வேரமைப்பு பெரும்பாலோர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. பாலைச் செடி என்றால் ஆழத்தில் ஊற்று தேடும் என்று நினைக்கிறோம். சகுவாரோவின் ஆணிவேர் ஒரு மீட்டர் ஆழத்தைக்கூட எட்டுவதில்லை. மற்ற வேர்கள் தரைக்கு 10 சென்டிமீட்டர் அளவு கீழேயே, மரத்தின் உயரத்துக்கு இணையான தொலைவு வரை எல்லாத் திசைகளிலும் பரவிக் கிடக்கின்றன. அங்கே ஆழத்தில் தேட ஒன்றுமில்லை. தண்ணீர் வருவது மேலிருந்துதான், அதுவும் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும். மண் நனைந்ததும் புதிய மெல்லிய வேர்கள் விரைவில் முளைத்து, ஈரம் இருக்கும்வரை உறிஞ்சிவிட்டு, மண் காய்ந்ததும் மடிந்துவிடுகின்றன. ஒரு பெரிய மரம் நல்ல மழையில் 700 லிட்டருக்கு மேல் சேமித்துக்கொள்ளும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இதன் விலை ஒன்றும் உண்டு. ஆழமில்லாத வேரில் நிற்கும் பெரும் பாரம் என்பதால், மண் ஊறிய நிலையில் பலத்த காற்று வீசினால் முதிர்ந்த மரங்கள் அப்படியே சாய்ந்துவிடுகின்றன. வாழவைக்கும் அதே பருவமழையின் சூறைக்காற்றே பல பெரிய சகுவாரோக்களின் முடிவாகவும் அமைகிறது.

முட்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இளம் செடியிலும் தண்டின் கீழ்ப்பகுதியிலும் அவை நீண்டு, தடித்து, 7 சென்டிமீட்டர் வரை வளர்கின்றன. பூக்கும் உயரத்தை அடைந்த நுனிப்பகுதியில் மென்மையான மஞ்சள் தூவிகளாக மாறிவிடுகின்றன. விலங்குகளின் வாயிலிருந்து காப்பது அவற்றின் ஒரு வேலை மட்டுமே. வளர்நுனியின் மேல் அடர்ந்து நின்று, பகலில் நிழலும், குளிர் இரவில் சிறு போர்வையும் தருவது மற்றொன்று. ஒரு முள்ளைப் பிடுங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குறுக்கே வெளிறிய பட்டையும் கருமையான பட்டையும் மாறிமாறித் தெரியும். ஒவ்வொரு இணையும் ஒரு நாளின் வளர்ச்சி. முள் ஒரே பருவத்தில் வளர்ந்து நின்றுவிடும். தண்டு மேலே வளர்வதால் பழைய முட்கள் கீழே தங்கிவிடும். எனவே அடியிலிருந்து நுனிவரை முட்களின் வரிசை, மரம் வாழ்ந்த பல பத்தாண்டுகளின் தொடர்ச்சியான குறிப்பேடாகிறது. முள்ளில் பதிந்துள்ள கார்பன், ஆக்சிஜன் ஓரகத்தனிமங்களை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகைகளை, அளந்து, கடந்த ஆண்டுகளின் ஈரத்தையும் வறட்சியையும் ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். ஆண்டுவளையம் இல்லாத ஒரு மரத்தின் வயதையும் வாழ்க்கையையும் இப்படி முள்ளிலிருந்து மீட்டெடுக்க முடிவது, தாவரவியலில் என் மனத்துக்கு மிக நெருக்கமான கண்டுபிடிப்புகளில் ஒன்று.

மூச்சு விடும் நேரத்தையும் இத்தாவரம் மாற்றி அமைத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் தம் நுண்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுக்கின்றன. அப்போது நீராவியும் வெளியேறுகிறது. 40 செல்சியஸைத் தாண்டும் சொனோரக் கோடையில் அப்படிச் செய்தால் சேமித்த தண்ணீர் வீணாகும். ஆகவே சகுவாரோ பகலில் துளைகளை மூடிவைத்து, இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. இருளில் உள்வாங்கிய கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக்கிச் செல்களுக்குள் சேமித்து, பொழுது விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவை மறுபடி விடுவித்து, சூரிய ஒளியில் சர்க்கரை செய்கிறது. இந்த முறையில் நீர்ச்செலவு மிகக் குறைவு, அதே வேளையில் ஓர் இரவில் சேமிக்கக்கூடிய அமிலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதனால் வளர்ச்சி மெதுவாகவே நடக்கும். இரவு குளிர்ந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் இதற்குள் அடங்கியிருக்கிறது. அதன் விளைவு பின்னால் வரும்.

எவ்வளவு மெதுவான வளர்ச்சி என்பதை எண்களில்தான் உணர முடியும். டூசானை ஒட்டிய சகுவாரோ தேசியப் பூங்காவில், முளைத்து எட்டு ஆண்டுகள் ஆன செடியின் உயரம் 3 அல்லது 4 சென்டிமீட்டர். ஏறத்தாழ 35 வயதில் முதல் பூ. 50 முதல் 75 வயதுக்குள் முதல் கிளை. மழை குறைந்த இடங்களில் அதற்கு 100 ஆண்டுகளும் ஆகலாம், சில மரங்கள் கடைசிவரை கிளையே விடுவதில்லை. 125 வயதில்தான் முழு வளர்ச்சி பெற்றதாகக் கருதப்படுகிறது. 150 முதல் 175 ஆண்டுகள் வரை சாதாரணமாக வாழும், சில 200 ஆண்டுகளையும் கடக்கக்கூடும். பூக்கள் தண்டின் உச்சியிலும் கிளைகளின் உச்சியிலும் மட்டுமே பூப்பதால், ஒவ்வொரு கிளையும் இனப்பெருக்கத்துக்கு ஒரு புதிய நுனி. கிளையின் பொருள் அதுதான்.

முளைப்பதிலும் காலம் தப்பக் கூடாது. ஒரு மரம் தன் வாழ்நாளில் ஏறத்தாழ 4 கோடி விதைகளை உண்டாக்கும் என்று தேசியப் பூங்காத் துறை கணக்கிடுகிறது. அவற்றில் முதிர்ந்த மரமாகி நிற்பவை ஒன்றிரண்டு. சூன் இறுதியில் உதிரும் விதை, சூலை, ஆகஸ்ட் மழையில் முளைத்தாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் மண்ணில் உறங்கிக் காத்திருக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. முளைத்தபின் பட்டாணி அளவில் இருக்கும் அந்த உயிரை வெயிலும், பனியும், எலியும், முயலும் அழிக்கக்கூடும். அதனால்தான் பிழைத்த குட்டிகள் பெரும்பாலும் பாலோ வெர்டி, இரும்புமரம், மெஸ்கீட் ஆகிய மரங்களின் அடியில் காணப்படுகின்றன. மெஸ்கீட் நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. செவிலி மரம் எனப்படும் இவற்றின் கவிகை கோடையில் நிழலும், குளிர் இரவில் தரையின் வெப்பம் எளிதில் பறந்துவிடாதபடி காப்பும் தருகிறது. பல ஆண்டுகள் கழித்துச் சகுவாரோ செவிலியின் கிளைகளைத் துளைத்துக்கொண்டு மேலே எழுகிறது. செவிலி மரம் அதன்பின் நீண்ட நாள் இருப்பதில்லை; மழைநீரை முதலில் பிடித்துக்கொள்ளும் கள்ளியின் வேர்ப்போட்டி அதன் முடிவை விரைவுபடுத்துகிறது என்பது பலருடைய கருத்து.

ஏப்ரல் இறுதியிலிருந்து சூன் வரை பூக்காலம். வெள்ளைப் பூ ஒவ்வொன்றும் ஓர் இரவு விரிந்து, மறுநாள் பிற்பகலுக்குள் கூம்பிவிடும். ஒரு பூவில் 3,000-க்கும் மேற்பட்ட மகரந்தத் தாள்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. கொத்துகள் தண்டின் கிழக்குப் பக்கம் நோக்கியே மிகுதியாக அமைகின்றன, காலை வெயில் முதலில் படும் பக்கம் அது. தன் மகரந்தத்தால் தானே கருவுற முடியாத தாவரம் என்பதால் இன்னொரு மரத்தின் மகரந்தத்தைக் கொண்டுவர ஆள் வேண்டும். இரவில் மெக்சிகோவிலிருந்து வலசை வரும் நீள்மூக்கு வௌவால் தேனை நக்கித் தலை முழுவதும் மஞ்சள் பொடியுடன் மரம் மரமாகப் போகும். விடிந்தபின் வெண்சிறகுப் புறாக்களும் தேனீக்களும் வரும். வௌவால்கள் அரிதாகவே எட்டும் வடக்குப் பகுதிகளிலும் காய்ப்பு நடக்கிறது. பூ மறுநாள் பகலிலும் திறந்தே இருப்பது இதனால் பயனுள்ளதாகிறது. அந்த வௌவால் 1988-இல் அமெரிக்காவில் அழியும் நிலையிலுள்ள உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, எண்ணிக்கை மீண்டதால் 2018-இல் நீக்கப்பட்டது.

காய் பழுத்ததும் பச்சைத்தோல் வெடித்துப் பிரிந்து, உள்ளிருக்கும் செந்நிறச் சதை பூவைப் போல விரிகிறது. ஒரு பழத்தில் 2,000 கருநிற விதைகள் வரை இருக்கும். பாலையில் மற்றெல்லாம் வாடிக் கிடக்கும் சூன் மாத வறட்சியின் உச்சத்தில் இந்த இனிப்பும் ஈரமும் கிடைப்பது பறவைகளுக்கும், எறும்புகளுக்கும், கொயோட்டி நரிகளுக்கும் பெருங்கொடை. மனிதருக்கும்தான். டூசானுக்கு மேற்கே வாழும் தொஹோனோ ஓஓதம் மக்கள், இறந்த சகுவாரோவின் கழிகளை முனையோடு முனை கட்டி நீண்ட துரட்டி செய்து, உயரத்திலிருக்கும் பழங்களைத் தட்டி எடுக்கிறார்கள். சதையைப் பிழிந்து கொதிக்கவைத்துப் பாகாக்கி, அதில் ஒரு பங்கைப் புளிக்கவைத்து, மழையை அழைக்கும் சடங்கில் அருந்துவார்கள். அவர்களுடைய ஆண்டு இந்த அறுவடையோடுதான் தொடங்குகிறது. பழத்தை உண்டபின் தோலைச் சிவந்த உட்புறம் வானத்தைப் பார்க்கும்படி தரையில் வைப்பது வழக்கம். மழைக்கான வேண்டுதல் அது. சகுவாரோவை அவர்கள் மக்களுள் ஒருவராகவே மதிக்கிறார்கள்.

உயிருள்ள தண்டு பறவைகளுக்கு வீடாகவும் இருக்கிறது. கீலா மரங்கொத்தி தோலுக்கும் மரக்கழிகளுக்கும் இடையிலுள்ள சதையைக் குடைந்து கூடு அமைக்கும். குடைந்தவுடன் குடிபுகுவதில்லை, ஈரம் உலரும்வரை சில மாதங்கள் காத்திருக்கும். காயத்தைச் சுற்றிச் சகுவாரோ கட்டியான தழும்புத் திசுவை வளர்த்து, குழியின் உட்சுவரை முழுவதுமாக மூடி, சதைக்குள் நோய் புகாமல் தடுக்கிறது. மரம் இறந்து சதை மறைந்தபின் அந்தச் சுவர் மட்டும் காலணி வடிவில் கிடக்கும். ஓஓதம் மக்கள் அதைப் பாத்திரமாகப் பயன்படுத்தினார்கள். மரங்கொத்தி விட்டுப்போன குழிகளில் 14 சென்டிமீட்டர் நீளமே உள்ள குட்டி ஆந்தை குடியேறும். உலகின் மிகச் சிறிய ஆந்தைகளில் ஒன்று அது. அழுகும் சதையும் வீணாவதில்லை, அதில் மட்டுமே பெருகும் டிரோசோபிலா ஈயினம் ஒன்றுகூட இருக்கிறது. சகுவாரோவையும் அதன் உறவான கார்டோன் கள்ளியையும் விட்டால் அதற்கு வேறு இருப்பிடம் இல்லை.

இவ்வளவு வலிய அமைப்பு எங்கே தோற்கிறது என்பதைப் பார்ப்போம். நீர் நிறைந்த உடலுக்கு முதல் எதிரி உறைபனி. டுமமாக் குன்றின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஃபாரஸ்ட் ஷ்ரீவ், சகுவாரோவின் வடக்கு எல்லையையும் உயர எல்லையையும் தீர்மானிப்பது குளிரின் கடுமையைவிட உறைநிலை இடைவிடாமல் நீடிக்கும் நேரம்தான் என்று 1911-இலேயே எழுதினார். இரவில் உறைந்து மறுநாள் பகலில் இளகினால் தாங்கிக்கொள்ளும்; ஒரு பகலும் இளகாமல் போனால் திசுக்கள் மடியும். சில மரங்களின் கிளைகள் மேல்நோக்கி நிற்காமல் முறுக்கிக்கொண்டு தரையை நோக்கித் தொங்குவதைப் பார்க்கலாம். பழைய பனியில் கிளையின் அடிப்பகுதி அடிபட்டுத் தளர்ந்ததன் அடையாளம் அது.

இந்தப் பாடம் ஒருமுறை மறக்கப்பட்டது. டூசானின் கிழக்கே, அடர்ந்த கள்ளிக்காடு ஒன்றைக் காப்பதற்காகவே 1933-இல் தேசிய நினைவுப்பகுதி அறிவிக்கப்பட்டது. 1994-இல் அதுவே தேசியப் பூங்காவானது. அறிவிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே அங்குள்ள பெரிய மரங்கள் கரிய சாறு கசிந்து அழுகிச் சாயத் தொடங்கின. பாக்டீரியா நோய் என்று முடிவு கட்டி, 1940களின் தொடக்கத்தில் நோயுற்ற சில நூறு மரங்களை வெட்டித் துண்டாக்கிப் புதைத்தார்கள். பயனில்லை. நூற்றாண்டின் முடிவுக்குள் அந்தக் காடே இல்லாமற்போகும் என்ற கணிப்புகளும் வந்தன. பின்னர் 1970களில் வாரன் ஸ்டீன்பர்க், சார்லஸ் லோவ் ஆகியோரின் நெடுங்கால ஆய்வுகள் வேறு காரணத்தைக் காட்டின. 1937-இல் வந்த கடும் உறைபனி முதிர்ந்த மரங்களை உள்ளுக்குள் கொன்றிருந்தது; பாக்டீரியா அதன்பின் வந்த துப்புரவாளர் மட்டுமே. இளம் செடிகள் இல்லாததற்குக் காரணமும் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் செவிலி மரங்கள் சுண்ணாம்புச் சூளைக்கும் விறகுக்கும் வெட்டப்பட்டிருந்தன; கால்நடைகள் எஞ்சிய முளைகளை மிதித்திருந்தன. மேய்ச்சலும் வெட்டும் நின்றபின் காடு தானே மீளத் தொடங்கியது, ஆனால் அது கண்ணுக்குத் தெரியவே பல பத்தாண்டுகள் ஆயின. 150 ஆண்டு வாழும் உயிரைப் பத்தாண்டுப் பார்வையில் மதிப்பிட்டதில் வந்த பிழை இது என்று நினைக்கிறேன். அந்தப் பிழை இப்போது எதிர்த் திசையிலும் நேரக்கூடும்.

இன்றைய மூன்று நெருக்கடிகளில் முதலாவது நெருப்பு. சொனோரப் பாலையில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறுந்தரை இருந்ததால் தீ பரவ வழியில்லை. ஆகவே சகுவாரோ தீயைத் தாங்கும் எந்த அமைப்பையும் வளர்த்துக்கொள்ளவில்லை. அந்த வெறுந்தரையை நிரப்பிக்கொண்டிருப்பது பஃபெல் புல். வேறொன்றுமில்லை, காங்கேயம் பகுதியில் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களை வளமாக்கும் நம் கொழுக்கட்டைப் புல்லேதான் அது. ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் உரிய இந்தப் புல், வறட்சியைத் தாங்கி மழைக்கு உடனே துளிர்க்கும் குணத்துக்காக, மண்ணரிப்பைத் தடுக்கவும் தீவனத்துக்காகவும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் தென்மேற்கில் விதைக்கப்பட்டது. கொறங்காட்டில் வெள்வேல மரங்களின் கீழ் மாடும் ஆடும் கடித்துக் கடித்து அதை அளவோடு வைத்திருக்கின்றன. அரிசோனாவின் பாறைச் சரிவுகளில் கடிக்க ஆளில்லை. புல் அடர்ந்து, காய்ந்து, மரத்திலிருந்து மரத்துக்குத் தீயைக் கடத்தும் தொடர் விறகாகிறது. அதில் பற்றும் தீ 700 செல்சியஸைத் தாண்டும். எரிந்தபின் முதலில் துளிர்ப்பதும் புல்லே. அரிசோனா அதை 2005-இல் தீங்கான களை என்று அறிவித்தது. பூங்காவில் தன்னார்வலர்கள் கடப்பாரையால் தூர்தூராகப் பிடுங்குகிறார்கள். அங்கிருந்து வந்த கள்ளி இங்கே வேலியைத் தாண்டிப் பெருகியதும், அதை ஒடுக்க 1926-இல் இலங்கையிலிருந்து பூச்சி கொண்டுவரப்பட்டதும் நினைவுக்கு வருகின்றன. கொழுக்கட்டைப் புல்லுக்கு அப்படி ஒரு பூச்சியை அனுப்புவது எளிதல்ல, சொனோரா மாநிலத்தின் பண்ணையாளர்களுக்கு இன்றும் அது தேவையான தீவனம்.

இரண்டாவது, இரவின் வெப்பம். 2023 கோடையில் பீனிக்ஸ் நகரத்தில் தொடர்ந்து 31 நாள்கள் உச்ச வெப்பம் 43 செல்சியஸைத் தாண்டியது. பல இரவுகளில் வெப்பம் 32 செல்சியஸுக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த ஆண்டு நகரில் நின்றிருந்த சகுவாரோக்களின் கிளைகள் ஒடிந்து விழுந்தன, சில முழுமையாகச் சாய்ந்தன. பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பமே அவற்றை அதிகம் வதைத்திருக்க வேண்டும். துளைகளைத் திறந்து மூச்சு விட வேண்டிய வேளையிலும் காற்று குளிராமல் இருந்தால், திறந்தால் நீர் போகும், மூடினால் உணவு கிடைக்காது. நகரத்தின் சிமெண்டும் தாரும் பகல் சூட்டை இரவு முழுவதும் வெளிவிடுவதால், திறந்த பாலையில் நிற்கும் மரத்தைவிடத் தெருவோரத்து மரத்துக்கே இந்தத் துன்பம் அதிகம்.

மூன்றாவதைப் படமெடுத்துக் காட்ட முடியாது. பூங்காவில் 1990 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை சகுவாரோக் கணக்கெடுப்பு நடக்கிறது. மொத்த எண்ணிக்கை நன்றாகவே இருக்கிறது, ஏறத்தாழ 20 இலட்சம். ஆனால் அவற்றுள் பெரும்பங்கு, ஈரமான பருவங்கள் அமைந்த முந்தைய பத்தாண்டுகளில் முளைத்தவை. 1990களின் நடுவில் தொடங்கிய நீண்ட வறட்சிக்குப்பின் வேரூன்றிய குட்டிகள் மிகக் குறைவு. விதை குறையவில்லை, பூ குறையவில்லை, செவிலி மரங்களும் இருக்கின்றன. முளைத்த குட்டி தன் முதல் சில ஆண்டுகளைக் கடக்கத் தேவையான அடுத்தடுத்த நல்ல மழைகள்தான் அமையவில்லை. இப்படி இடைவெளி விழுவது இந்த இனத்துக்குப் புதிதல்ல. நல்ல ஆண்டுகள் கூடிவரும்போது ஒரு தலைமுறை மொத்தமாக முளைப்பதும், பிறகு நீண்ட காலம் ஒன்றும் நிலைக்காமல் போவதும் அதன் வழக்கமே. நூறாண்டுக்கு மேல் பூத்துக்கொண்டிருக்கும் உயிருக்கு அந்த அளவு காத்திருப்பு கட்டுப்படியாகும். இடைவெளி எவ்வளவு நீளும் என்பதே இப்போது கேள்வி. 1995-க்குப் பின் நிலைத்திருக்க வேண்டிய குட்டிகள் 2030-ஐ ஒட்டித்தான் முதல்முறை பூத்திருக்கும், 2045-க்கும் 2070-க்கும் இடையில்தான் கிளை விட்டிருக்கும். அவற்றின் இன்மை வௌவாலுக்கும், புறாவுக்கும், பழம் பறிக்கும் ஓஓதம் குடும்பங்களுக்கும் அப்போதுதான் தெரியத் தொடங்கும். அதற்குள் ஈரமான சில ஆண்டுகள் சேர்ந்து வந்தால் அடுத்த தலைமுறை இடைவெளியை மூடிவிடும். வராவிட்டாலும், இன்று நிற்கும் மரங்கள் இன்னும் பல பத்தாண்டுகள் பூத்துக் காய்க்கும். அந்த மழை வரும்வரை அவற்றின் அடியில் தீ பரவாமல் தடுப்பதும், பாலோ வெர்டியையும் இரும்புமரத்தையும் வெட்டாமல் விடுவதும்தான் மனிதரால் இப்போது செய்ய முடிந்தவை.